தஞ்சாவூர் திறக்கிறது, கும்பகோணம் திறக்கவில்லை

தஞ்சாவூரில் ஓர் அச்சகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், கட்சி நோட்டீஸ், உரக்கடை பில் புத்தகம் என்று எல்லாம் அடிக்கிறார்கள். வடிவமைப்புக்கு ஒரு மேக், தட்டச்சுக்கும் கணக்குக்கும் இரண்டு விண்டோஸ் கணினிகள், பழைய வேலைகளைச் சேமித்து வைக்க மூலையில் லினக்ஸ் ஓடும் ஒரு பெட்டி. அந்தப் பெட்டியில் ஊர்வாரியாகக் கோப்புறைகள்: தஞ்சாவூர், திருவையாறு, கும்பகோணம், பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, மன்னார்குடி, கொரடாச்சேரி, பேராவூரணி.

மேக்கில் உட்கார்ந்திருப்பவர் தஞ்சாவூரைச் சொடுக்கினால் திறக்கிறது. திருவையாறும் ஒரத்தநாடும் மன்னார்குடியும் திறக்கின்றன. கும்பகோணத்தைச் சொடுக்கினால், அப்படி ஒன்று இல்லை என்கிறது மேக். பட்டுக்கோட்டையும் கொரடாச்சேரியும் அதே கதை. பேராவூரணி திறக்கிறது. விண்டோஸ் கணினியிலிருந்து போனால் எட்டு ஊரும் திறக்கின்றன.

பழுது பார்க்க வருபவர் முதலில் ரவுட்டரை அணைத்துப் போடுவார். பிறகு பாஸ்வேர்டை மாற்றுவார். பிறகு கோப்புறையின் அனுமதிகளை எல்லாருக்கும் திறந்துவிடுவார். இதில் மூன்றாவது காரியம் ஆபத்தானது. மற்ற இரண்டும் வெறும் நேர விரயம். திறக்காத மூன்று ஊர்களுக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. திறக்கும் ஐந்து ஊர்களில் அது இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எவரும் கண்டுபிடிக்கலாம். ஆனால் அதற்குமுன், இந்த மூன்று வகை இயந்திரங்கள் எப்படிப் பேசிக்கொள்ளத் தொடங்கின என்பதைப் பார்த்தாக வேண்டும். அலுவலகங்களில் வரும் மற்ற தகராறுகளில் பெரும்பாலானவை அந்த வரலாற்றின் மிச்சங்கள்.

ஒரு கணினியின் வட்டில் இருக்கும் கோப்பை இன்னொரு கணினி தன்னுடையதுபோல் எடுத்தாளும் ஏற்பாட்டை, ஐபிஎம் நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் 1980களின் தொடக்கத்தில் வடிவமைத்தார். எஸ்எம்பி என்று அதற்குப் பெயர். மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது. விண்டோஸின் உள்ளூர்ப் பேச்சுமொழியாகவே ஆக்கிக்கொண்டது. 1991 கடைசியில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற ஆராய்ச்சி மாணவருக்குத் தன் டாஸ் கணினியை யூனிக்ஸ் இயந்திரத்தோடு இணைக்க வேண்டியிருந்தது. கம்பியில் போய்வரும் தகவல் பொட்டலங்களை ஒட்டுக்கேட்டு, எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வருகிறது என்று பார்த்து, அதே பதிலைச் சொல்லும் ஒரு நிரலை எழுதினார். தான் எழுதுவது எஸ்எம்பி என்பதே அப்போது அவருக்குத் தெரியாது. அந்த நிரல்தான் பின்னாளில் சாம்பா ஆனது. இன்று லினக்ஸ் பெட்டி எதுவும் விண்டோஸுக்குக் கோப்பு பரிமாறுகிறது என்றால், உள்ளே ஓடுவது அநேகமாக அதுதான்.

ஒட்டுக்கேட்டுக் கற்ற மொழியில் இலக்கணப் பிழை வராமல் இருக்குமா? ஏறக்குறைய பதினாறு ஆண்டுகள் சாம்பா குழுவினர் அப்படித்தான் ஓட்டினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் மைக்ரோசாஃப்ட் மீது தொடுத்த போட்டிச் சட்ட வழக்கின் முடிவில், 2007 டிசம்பரில்தான் நெறிமுறை ஆவணங்கள் அவர்கள் கைக்கு வந்தன. அதற்குக் கொடுத்த விலை 10,000 யூரோ. ஆப்பிளும் முதலில் சாம்பாவையே பயன்படுத்தியது. சாம்பாவின் உரிம நிபந்தனைகள் மாறியபின், 2011-ல் வந்த மேக்கின் லயன் பதிப்பில் அதைக் கழற்றிவிட்டுத் தானே ஒன்றை எழுதிக்கொண்டது. ஆக, நம் அச்சகத்தில் மூன்று இயந்திரங்களும் ஒரே நெறிமுறையைத்தான் பேசுகின்றன. ஆனால் மூவரும் தனித்தனியாக எழுதிக்கொண்ட நிரல்களை வைத்துப் பேசுகிறார்கள்.

2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் உலகம் முழுதும் பரவியது. அது நுழைந்த ஓட்டை எஸ்எம்பியின் முதல் பதிப்பில் இருந்தது. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தும், பலர் போட்டுக்கொள்ளவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் முதல் பதிப்பு இல்லாமலே போனது. சாம்பாவும் 2019-ல் 4.11 பதிப்பில் அதை இயல்பாக அணைத்துவிட்டது. ‘நேற்றுவரை வேலை செய்தது, அப்டேட் ஆனதும் போச்சு’ என்று நம் அலுவலகங்களில் கேட்கும் புலம்பலில் பெரும் பகுதி இங்கிருந்து வருகிறது. ஸ்கேன் செய்து கோப்புறையில் போடும் பழைய நகல் இயந்திரம் திடீரென்று பேச மறுக்கும். எட்டுப் பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய சேமிப்புப் பெட்டி பட்டியலிலிருந்து மறைந்துவிடும். விண்டோஸ் காட்டுவது, வலைப்பாதை கிடைக்கவில்லை என்ற, 80070035 என்று முடியும் பிழை எண். முதல் பதிப்பைத் திரும்பப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். சரியாகத்தான் ஆகும். கதவைக் கழற்றி வைத்தால் பூட்டுத் தொல்லை கிடையாது. பெட்டியின் மென்பொருளைப் புதுப்பிக்க முடியுமா என்று பார்ப்பதும், முடியாவிட்டால் நகல் இயந்திரத்தை மின்னஞ்சல் வழியாகவோ யுஎஸ்பியிலோ அனுப்பச் செய்வதும் மேல்.

2024-ல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு இன்னொரு பழக்கத்தை நிறுத்தியது. பாஸ்வேர்டே கேட்காமல் ‘விருந்தாளி’யாக நுழைந்து கோப்பு எடுப்பது புரோ பதிப்புகளிலும் இனி நடக்காது. ஒவ்வொரு பொட்டலமும் கையொப்பத்தோடு வர வேண்டும் என்று அது கேட்கிறது. விருந்தாளிக்கு ஏது கையொப்பம்? வீட்டிலும் சிறு கடைகளிலும் பாஸ்வேர்டு இல்லாமல் போட்டுவைத்த ஷேர் ஃபோல்டர்கள் இதனால் மூடிக்கொண்டன. தீர்வு எளிது: லினக்ஸ் பெட்டியில் ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் உண்டாக்குவது. அதிலும் ஒரு வழுக்கல் உண்டு. லினக்ஸில் நுழையும் பாஸ்வேர்டும் சாம்பாவின் பாஸ்வேர்டும் ஒன்றல்ல. இரண்டாவதைத் தனியாகப் பதிய வேண்டும். எதிர்த் திசையிலும் இப்படி ஒன்று இருக்கிறது. விண்டோஸில் நாலு இலக்க பின் எண் போட்டு நுழைந்து பழகியவர், மேக்கிலிருந்து அந்த விண்டோஸை அணுகும்போதும் அதே எண்ணைப் போடுவார். பின் எண் அந்த இயந்திரத்துக்குள் மட்டும் செல்லும். வலைவழி வருபவர் மைக்ரோசாஃப்ட் கணக்கின் முழுப் பாஸ்வேர்டைத் தர வேண்டும். பலருக்கு அது எப்போதோ மறந்து போயிருக்கும்.

டெல்டாவில் கடைமடை விவசாயி தன் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நேரே மேட்டூருக்குப் போக மாட்டார். வயலின் மடையைப் பார்ப்பார், வாய்க்காலில் ஏறி நடப்பார், மதகு வரை போவார்; எந்த இடம் வரை நீர் வந்திருக்கிறது என்று தெரிந்தால், அதற்கு அடுத்த இடத்தில் அடைப்பு. கோப்புப் பகிர்விலும் வேலை அப்படித்தான். பெட்டியின் முகவரிக்குப் பிங் போனால் கம்பியும் வைஃபையும் நன்றாக இருக்கின்றன. முகவரியைப் போட்டால் திறந்து, பெட்டியின் பெயரைப் போட்டால் திறக்காவிட்டால், கோளாறு பெயரை முகவரியாக மாற்றும் இடத்தில். முகவரிக்கும் பதில் வந்து, கோப்புப் பகிர்வுக்கான 445-ஆம் வாசல் மட்டும் மூடியிருந்தால், பகிர்வது விண்டோஸ் கணினி என்றால், பெரும்பாலும் யாரோ வைஃபையை ‘பொது’ வகை என்று அதனிடம் சொல்லியிருப்பார்கள். அதன் ஃபயர்வால் அதனால் வாசலை அடைத்திருக்கும். பாஸ்வேர்டு கேட்கிறது என்றால் வாசல்வரை வந்தாயிற்று. உள்ளே போய்ப் பட்டியலைப் பார்க்க முடிந்து, எழுத மட்டும் முடியாவிட்டால் அனுமதிப் பிரச்சினை. அனுமதி இரண்டு இடத்தில் பார்க்கப்படுகிறது, பகிர்வில் ஒரு முறை, கோப்பு முறைமையில் ஒரு முறை. இரண்டில் எது கறாரோ அதுவே செல்லும்.

நம் ஊருக்கே உரிய ஒரு சங்கதி மின்வெட்டு. மின்சாரம் போய் வந்ததும் ரவுட்டரும் கணினிகளும் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. ரவுட்டர் முகவரிகளைப் புதிதாகப் பங்கிடும்போது, நேற்று 5 என்று முடிந்த முகவரி இன்று 9 ஆகலாம். மேசைமேல் வைத்த குறுக்குவழி இன்னமும் 5-ஐத் தேடிக்கொண்டிருக்கும். லினக்ஸ் பெட்டிக்கு ரவுட்டரில் ஒரு நிலையான முகவரியை ஒதுக்கிவிட்டால், பல அலுவலகங்களில் பாதி அழைப்புகள் நின்றுவிடும்.

இன்னொன்று ஐந்தரை மணி நேரம். 2011-ல் தமிழக அரசு எல்காட் மூலம் வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில், விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஒரே இயந்திரத்தில் இரண்டு இயங்குதளங்களோடு ஒரு தலைமுறை மாணவர்கள் பழகினார்கள். இப்படி இரண்டு குடியிருக்கும் கணினியில், உள்ளே பேட்டரியில் ஓடும் கடிகாரம் இந்திய நேரத்தைக் காட்டுவதாக விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் வழக்கமாக அதை உலகப் பொது நேரம் என்று கொள்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் மணி ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போகும். கோப்பின் தேதியைப் பார்த்துப் புதியதை மட்டும் நகலெடுக்கும் நிரல் குழம்பும். கல்லூரியிலும் வங்கியிலும் உள்ள பெரிய வலைகளில் நுழையவே முடியாது; அங்கே நுழைவைச் சரிபார்க்கும் கெர்பெரோஸ் முறை, கடிகார வேறுபாடு ஐந்து நிமிடத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வரும் செய்தியோ பாஸ்வேர்டு தவறு என்பதுபோல் ஒலிக்கும்.

இனி பெயர். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கையேடுகள் பெரிய எழுத்து, சிறிய எழுத்துத் தகராறைப் பக்கம் பக்கமாக விவரிக்கும். லினக்ஸுக்கு இரண்டும் வேறு, விண்டோஸுக்கு ஒன்று. தமிழில் அந்த வேறுபாடே இல்லாததால் நாம் தப்பித்தோம். பதிலுக்கு நமக்கென்றே வேறு மூன்று தொல்லைகள் காத்திருக்கின்றன.

முதலாவது நீளம். விண்டோஸ் ஒரு கோப்புப் பெயரில் 255 குறிகளை அனுமதிக்கிறது. லினக்ஸ் அனுமதிப்பது 255 பைட்டுகளை. ஆங்கிலத்தில் ஒரு குறி ஒரு பைட், ஆகவே வித்தியாசம் தெரியாது. தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் மூன்று பைட்டுகள் எடுக்கும். உயிர்மெய் என்றால் பெரும்பாலும் இரண்டு குறிகள், ஆறு பைட்டுகள். ‘திருநாகேஸ்வரம் அருள்மிகு நாகநாத சுவாமி திருக்கோயில் கும்பாபிஷேக மலர் முதல் பிழைதிருத்தம்’ என்று ஒரு கோப்புக்குப் பெயர் வைத்தால் 248 பைட்டுகள். வகைக்குறி நான்கு பைட்டுகளையும் சேர்த்து 252. லினக்ஸ் பெட்டியில் நுழைந்துவிடும். ‘முதல்’ என்பதை ‘இரண்டாம்’ என்று மாற்றினால் 261, நுழையாது. விண்டோஸ் கணக்கில் அது 95 குறிகள்தான், ஆகவே அங்கே யாருக்கும் சந்தேகம் வராது. முதல் படி சேமிக்கப்பட்டது, இரண்டாம் படி சேமிக்க மறுக்கிறது என்றால் வட்டில் இடம் தீர்ந்துவிட்டதென்றுதான் நினைப்போம். பூட்டிய கோப்புறைகளுக்கு ஈகிரிப்ட்எஃப்எஸ் முறையைக் கையாளும் சேமிப்புப் பெட்டிகளில் வரம்பு இன்னும் குறைவு: 143 பைட்டுகள், அதாவது 47 தமிழ்க் குறிகள்.

இரண்டாவது, சுருக்கப் பெயரின் கடைசிப் புள்ளி. நெல் கொள்முதல் நிலையத்தை ‘நெ.கொ.நி.’ என்று எழுதுவது நம் கை வழக்கம். லினக்ஸில் அப்படியே கோப்புறை உண்டாக்கலாம். விண்டோஸ் உலகில் பெயரின் இறுதியில் புள்ளியோ இடைவெளியோ நிற்கக் கூடாது. சாம்பா இப்படிப்பட்ட பெயரை விண்டோஸுக்கு அனுப்பும்போது அலைக்குறி போட்ட ஏதோ ஒரு குறும்பெயராக மாற்றிக் காட்டும். பார்ப்பவர் வைரஸ் என்று பயப்படுவார். கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டால் போதும்.

மூன்றாவது, கும்பகோணம்.

கொ, கோ, கௌ ஆகிய மூன்றையும் நாம் எழுதும்போது மெய்க்கு முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலோ சிறகோ போடுகிறோம். முன்னால் பாதி, பின்னால் பாதி என்று உடைந்து நிற்கும் உயிர்க்குறிகள் இவை மட்டும்தான். (குறில், நெடில் கொம்புகளை வேறுபடுத்திய சீர்திருத்தத்தை வீரமாமுனிவர் செய்ததாகப் பொதுவாகச் சொல்வார்கள். அவர் கோயில் கட்டி வாழ்ந்த ஏலாக்குறிச்சி, கொள்ளிடத்தின் வடகரையில், தஞ்சாவூருக்கு எட்டின தூரத்தில் இருக்கிறது.) யூனிகோடு தமிழை அமைத்தபோது ‘ஓ’ குறியை ஒற்றைக் குறியாகவும் வைத்தார்கள், நெட்டைக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறிகளாக எழுதவும் இடம் கொடுத்தார்கள். இரண்டும் ஒன்றே என்று விதியும் செய்தார்கள். மற்ற இரண்டு குறிகளுக்கும், ‘ஔ’ என்ற உயிரெழுத்துக்கும் இப்படி இரண்டு வடிவம் உண்டு. ஆக மொத்தம் நான்கே நான்கு. ஐகாரக் குறிக்கு இந்தப் பிளவு கிடையாது, அதனால் திருவையாறு தப்பித்தது. பேராவூரணியில் நெட்டைக் கொம்பு மட்டும் இருக்கிறது, கால் இல்லை.

திரையில் இரண்டு வடிவமும் மயிரிழை வேறுபாடில்லாமல் ஒன்றுபோல் தெரியும். வட்டில் அப்படி இல்லை. சேர்ந்த வடிவில் ‘கும்பகோணம்’ பத்துக் குறிகள், 30 பைட்டுகள். பிரிந்த வடிவில் பதினொரு குறிகள், 33 பைட்டுகள். ஒன்றென்று கொள்ள வேண்டும் என்ற யூனிகோடின் விதியை லினக்ஸின் கோப்பு முறைமையும் விண்டோஸினுடையதும் கண்டுகொள்வதில்லை. பைட் வேறு என்றால் பெயர் வேறு. ஆப்பிள் 1998-ல் கொண்டுவந்த எச்எஃப்எஸ் பிளஸ் முறைமையோ விதியை மதித்து, ஒரு படி மேலே போய், எந்தப் பெயரைக் கொடுத்தாலும் பிரித்தே எழுதி வைத்தது. 2017-ல் மேக்குக்கு வந்த ஏபிஎஃப்எஸ் பெயரை வந்தபடியே வைத்துக்கொள்கிறது, தேடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறது. தன் வீட்டுக்குள் மேக்குக்கு ஒரு குறையும் இல்லை. தொல்லை வாசலைத் தாண்டும்போது.

நம் அச்சகத்தில் நடந்தது இதுதான். பழைய மேக்கைக் கழிக்கும்போது அதன் வட்டை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரலால் லினக்ஸ் பெட்டிக்கு மாற்றினார்கள். (அதை உருவாக்கியவர்களில் ஒருவரும் அதே டிரிட்ஜெல்தான்.) ஆர்சிங்க் பைட்டை பைட்டாகவே கொண்டுபோய் வைத்தது. பெட்டியில் இப்போது இருப்பது 33 பைட் கும்பகோணம். புதிய மேக் எஸ்எம்பி வழியாகப் பட்டியல் கேட்கிறது, பெட்டி அனுப்புகிறது, திரையில் பெயர் தெரிகிறது. சொடுக்கியதும் மேக் அந்தப் பெயரைச் சேர்ந்த வடிவுக்கு மாற்றிக் கேட்கிறது, ஏனென்றால் வலையில் அதுவே வழக்கம். 30 பைட் கும்பகோணம் பெட்டியில் இல்லை. இல்லை என்ற பதில் பொய்யல்ல. விண்டோஸ் எதையும் மாற்றாமல், பட்டியலில் வந்த பைட்டுகளையே திருப்பிக் கேட்பதால் அதற்குத் திறந்தது.

மேக்கில் இருப்பவர் வெறுத்துப்போய்ப் புதிதாக ‘கும்பகோணம்’ என்று ஒரு கோப்புறை உண்டாக்கினால், அதுவும் நடந்துவிடும்! அன்றிலிருந்து விண்டோஸ் கணினியில் இரண்டு கும்பகோணங்கள் அருகருகே தெரியும், ஒரே பெயரில். கணினியில் ஒரே இடத்தில் ஒரே பெயர் இரண்டு இருக்க முடியாது என்று படித்தவர்கள் அங்கே தலையைச் சொறிவார்கள். இது ஊர்ப் பெயரோடு நிற்பதில்லை. குறுவை, சம்பா, தாளடி என்ற பெயர்களுக்கு ஒன்றும் ஆகாது, கோடை மாட்டிக்கொள்ளும். சீரகச் சம்பாவும் தூயமல்லியும் திறக்கும், பொன்னி திறக்காது. கருப்புக் கவுனியை ‘கௌனி’ என்று எழுதுகிறவருக்கு அதுவும் போச்சு.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். விண்டோஸிலிருந்து அந்தக் கோப்புறைக்கு ‘கு1’ என்று பெயர் மாற்றி, மேக்கில் திறந்து பாருங்கள். திறந்தால் பெயர்தான் குற்றவாளி. அனுமதியும் பாஸ்வேர்டும் நிரபராதி. ஒன்றிரண்டு கோப்புறைகள் என்றால், அங்கேயே சேர்ந்த வடிவில் பெயரைத் திரும்பத் தட்டச்சு செய்துவிடலாம். ஆயிரக்கணக்கில் இருந்தால் லினக்ஸில் கன்வ்எம்வி என்ற சிறு கருவி இருக்கிறது. ஒரு கோப்புறை மரம் முழுவதிலும் உள்ள பெயர்களைச் சேர்ந்த வடிவுக்கு மாற்றும். இயல்பாக அது எதையும் மாற்றாது, என்ன மாற்றப் போகிறது என்று காட்ட மட்டும் செய்யும். அந்தப் பட்டியலைப் படித்துப் பார்த்துவிட்டு, சோதனை வேண்டாம் என்று தனியாகச் சொன்னால்தான் கை வைக்கும். இனி வரும் நகல்களுக்கு ஆர்சிங்கிலேயே ஐகான்வ் என்ற விருப்பம் உண்டு. மூலம் மேக்கின் எழுத்துமுறை, இலக்கு சாதாரண யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டால், வழியிலேயே சேர்த்துக் கொண்டுபோகும்.

இரட்டைக் கும்பகோணங்கள் ஏற்கெனவே உண்டாகியிருந்தால் அவசரப்படக் கூடாது. பழையதைச் சேர்ந்த வடிவுக்கு மாற்றும்போது, அதே பெயரில் புதியது அங்கே நிற்கிறது. கன்வ்எம்வி மோதலைக் கண்டால் நின்றுவிடும். மேலெழுதச் சொன்னாலும் உள்ளடக்கம் ஒன்றாக இருக்கும் கோப்புகளைத்தான் மேலெழுதும். கோப்புறைகளை இணைப்பது கையால் செய்ய வேண்டிய வேலை. முதலில் பழையதற்கு ‘கு-பழையது’ என்று எந்தச் சிக்கலும் இல்லாத ஒரு பெயர் கொடுத்து, இரண்டையும் மேக்கில் திறந்து வைத்து, எதில் எந்த மலரின் கடைசித் திருத்தம் இருக்கிறது என்று தேதி பார்த்துப் பிரிக்க வேண்டும். அந்தத் தேதிகளில் சில ஐந்தரை மணி நேரம் பிசகியிருக்கலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு.